காற்றூட்டும் முன் எஞ்சினைத் திறக்க வேண்டுமா?

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

ஆட்டோ சுழற்சியின் படத்தை வரையாமல் வெப்பவியல் தாளை எழுதிய மாணவர் நம் துறையில் எவரும் இருக்க முடியாது. கிடை அச்சில் கன அளவு. நேர்க்குத்து அச்சில் அழுத்தம். சுழற்சிக்குள் அடைபட்ட பரப்பே எஞ்சின் செய்யும் வேலை என்று எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அதே படத்தில் தேர்வுத்தாள் கேட்காத இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. படத்தின் பரப்பு வண்டியின் ஆற்றலைக் காட்டுகிறது. படத்தின் உச்சி எஞ்சினின் உறுப்புகள் படும் பாட்டைக் காட்டுகிறது. இவ்விரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், கார் விரும்பிகள் பலரைக் குழப்பும் கேள்வி ஒன்றுக்கு நாமே விடை காண முடியும். சாதாரண கார் எஞ்சின் ஒன்றுக்கு டர்போ சார்ஜர் பொருத்த விரும்புகிறோம். அதற்குமுன் உள்ளுறுப்புகளை வலுப்படுத்தியே ஆக வேண்டுமா, அல்லது அப்படியே பொருத்திவிடலாமா என்பதே அக்கேள்வி.

முதலில் டர்போ சார்ஜர் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் சிலிண்டருக்குள் ஊற்றலாம். அதை எரிக்கக் காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் தானே மூச்சிழுக்கும்போது வளிமண்டல அழுத்தத்தில் கிடைக்கும் காற்றோடு அதன் கதை முடிந்துவிடுகிறது. அக்காற்றை முன்கூட்டியே அமுக்கி உள்ளே திணித்தால் அதே சிலிண்டரில் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். அமுக்கும் விசிறியை எஞ்சினே பெல்ட் வழியாகச் சுற்றினால் அது சூப்பர் சார்ஜர். வெளியேறும் புகையின் வேகத்தால் அது சுற்றினால் டர்போ சார்ஜர். புகையின் ஆற்றலைப் பயன்படுத்தும் இக்கருத்துக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரெட் பியூகி 1905-இல் காப்புரிமை பெற்றார். இரண்டு முறைகளுக்கும் பொதுவாகத் 'திணிப்புக் காற்றூட்டம்' என்ற பெயர் பொருந்தும் என்பது என் எண்ணம். நம் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் இதைவிட நல்ல சொல் தந்தால் மகிழ்ந்து ஏற்பேன். வளிமண்டலத்துக்கு மேல் எவ்வளவு அழுத்தம் கூட்டுகிறோமோ அதற்குப் 'பூஸ்ட்' என்று பெயர். அதை எல்லாரும் அப்படியே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

1962-ஆம் ஆண்டின் இரு கார்கள்

திணிப்புக் காற்றூட்டம் விமான எஞ்சின்களில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே நன்கு தேறிவிட்டது. சாதாரண மக்கள் வாங்கும் காருக்கு டர்போ வந்தது 1962-இல். அந்த ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இரு பிரிவுகள் இரு டர்போ கார்களை வெளியிட்டன. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, ஒரே கேள்வி. விடைகள் மட்டும் வேறு வேறு. ஆகவே நமது பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

முதலாவது, செவர்லே பிரிவின் கார்வேர் மோன்சா ஸ்பைடர். காற்றால் குளிர்விக்கப்படும் ஆறு சிலிண்டர் எஞ்சின், ஏறத்தாழ 2.4 லிட்டர். அதன் பொறியாளர்கள் அமுக்க விகிதத்தை 8 என்ற அளவுக்கு இறக்கினர். கிராங்க் ஷாப்டைக் குரோமியம் கலந்த எஃகில் அடித்துச் செய்தனர். எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு அதிக வெப்பம் தாங்கும் உலோகக் கலவையைப் பயன்படுத்தினர். சுருங்கச் சொன்னால், எஞ்சினைத் திறந்து வலுப்படுத்திய பிறகே டர்போவைப் பொருத்தினர். 150 குதிரைத்திறன் கிடைத்தது.

இரண்டாவது, ஓல்ட்ஸ்மொபைல் பிரிவின் ஜெட்பயர். அலுமினிய உடல் கொண்ட 3.5 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சின். இவர்கள் அமுக்க விகிதத்தைக் குறைக்கவில்லை, 10.25 என்ற உயர்ந்த அளவிலேயே வைத்துக்கொண்டு, சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு பூஸ்ட் கொடுத்தனர். அவ்வளவு அமுக்கத்தில் பெட்ரோல் கலவை தானாகவே வெடித்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாமலில்லை. அதைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றைத் தனித்தொட்டியில் வைத்து, பூஸ்ட் ஏறும்போதெல்லாம் காற்றோடு தெளிக்கச் செய்தனர். திரவம் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும். நம் ஊரில் மண்பானைத் தண்ணீர் குளிர்வது எந்தத் தத்துவத்தாலோ அதே தத்துவம்தான். 215 குதிரைத்திறன் கிடைத்தது.

ஆய்வகக் கண் கொண்டு பார்த்தால் ஜெட்பயரின் வழி அழகானது என்றே நான் சொல்வேன். ஆனால் வாங்கியவர்களில் பலர் அத்தொட்டியை நிரப்ப மறந்தனர். தொட்டி காலியானால் பூஸ்டைக் கட்டுப்படுத்த ஒரு வால்வு இருந்தது. அப்போது காரில் பழைய வேகம் இராது. காருக்கு ஏதோ கோளாறு என்று புகார் எழும். 1963-உடன் ஜெட்பயர் நின்றது. 1965-இல் நிறுவனமே முன்வந்து, விரும்பிய உரிமையாளர்களுக்கு டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டர் பொருத்திக் கொடுத்தது. கார்வேரின் டர்போவோ 1966 வரை விற்பனையில் இருந்தது. கார்வேருக்கு வேறு வகையில் கெட்ட பெயர் உண்டு. அது அதன் பின்சக்கர அமைப்பைப் பற்றியது, நமக்கு இங்கே தொடர்பில்லை.

இரு கார்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு உலோகத்தின் வலிமையில் மட்டும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தத்தின் உச்சியை யார் கட்டுப்படுத்துவது என்பதில்தான் முக்கிய வேறுபாடு. கார்வேரில் அதைக் குறைந்த அமுக்க விகிதம் எந்நேரமும் செய்தது. ஜெட்பயரில் உரிமையாளரின் நினைவாற்றலை நம்பி விட்டனர்.

பரப்பைக் கூட்டி உச்சியை அடக்கிய சாப்

சுவீடன் நாட்டின் சாப் நிறுவனம் 1977-இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் காட்டிய 99 டர்போ, இந்தப் பாடத்தை முழுமையாகக் கற்றுக்கொண்ட கார். பெர் கில்பிராண்ட் என்ற பொறியாளரின் பெயர் இதனுடன் சேர்த்துச் சொல்லப்படுகிறது. எஞ்சின் 1985 கன செ.மீ.; சிலிண்டரின் விட்டம் 90 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 78 மி.மீ. டர்போ இல்லாத வகையில் 9.2 ஆக இருந்த அமுக்க விகிதத்தை, பிஸ்டன்களை மாற்றி 7.2 ஆக இறக்கினார்கள். பூஸ்ட் 0.7 பார்.

பட்டறைகளில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. மொத்தக் காற்றழுத்தம் வளிமண்டலத்தைப் போல் எத்தனை மடங்கோ அதன் வர்க்க மூலத்தை அமுக்க விகிதத்தோடு பெருக்கினால், எஞ்சின் உணரும் அமுக்க விகிதம் ஏறத்தாழ வரும் என்பர். கறாரான வெப்ப இயக்கவியல் இதை ஏற்காது. வழிகாட்ட இது போதும். 0.7 பார் பூஸ்ட் என்றால் மொத்தம் 1.7 மடங்கு, வர்க்க மூலம் 1.304. சாப் பழைய பிஸ்டனையே வைத்திருந்தால் 9.2-ஐ 1.304-ஆல் பெருக்க 12 வந்திருக்கும். அக்காலப் பெட்ரோலுக்கு அது நஞ்சு. 7.2-ஐப் பெருக்கினால் 9.4 வருகிறது. அதாவது டர்போ இல்லாத எஞ்சின் ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருந்த 9.2-க்கு மிக அருகில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்! இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? யாரோ நமக்காகவே எண்களைத் தேர்ந்தெடுத்து வைத்தது போலிருந்தது. இதே கணக்கை ஜெட்பயருக்குப் போட்டால் 11.9 வரும். அந்தத் திரவம் ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கிவிடும்.

இதன் பயன், முறுக்குவிசை சுமார் 167 நியூட்டன் மீட்டரிலிருந்து சுமார் 235-க்கு ஏறியது. ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல். ஆனால் சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் அதே விகிதத்தில் ஏறவில்லை. அமுக்க விகிதம் குறைந்ததால் எரிதல் தொடங்கும்போதே அழுத்தம் மட்டாக இருக்கிறது. தீப்பொறியையும் சற்றுத் தாமதித்து விடலாம். எரியும் பொருள் அதிகமாதலால் பிஸ்டன் கீழே இறங்க இறங்க அழுத்தம் விரைவில் விழாமல் தாக்குப்பிடிக்கிறது. நம் படத்தில் பார்த்தால் மலையின் உச்சி கொஞ்சமே உயர்ந்திருக்கும். அதன் சரிவு நன்கு பருத்திருக்கும். பரப்பு கூடிவிட்டது. 'எத்தனை குதிரைத்திறன் வரை இந்த எஞ்சின் தாங்கும்?' என்று கேட்பவர்கள் பரப்பைக் கேட்கிறார்கள். உடைவதோ உச்சியால். ஒரே 200 குதிரைத்திறனை எஞ்சினை உடைக்கும் விதத்திலும் எடுக்கலாம், உடைக்காத விதத்திலும் எடுக்கலாம்.

கனெக்டிங் ராடு படும் பாடு

உச்ச அழுத்தத்தை விசையாக மாற்றிப் பார்ப்போம். 90 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் தலைப்பரப்பு 63.6 சதுர செ.மீ. முழு வேகத்தில் உச்ச அழுத்தம் 60 பார் என்று கொண்டால் பிஸ்டன் மேல் விழும் விசை 3.9 டன் எடைக்குச் சமம். டர்போவால் அது 80 பார் ஆனால் 5.2 டன். உள்ளங்கையில் அடங்கும் பிஸ்டன் மேல் ஒரு சரக்கு வண்டியின் எடை! இது ராடை நசுக்கும் விசை.

ராடுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. பிஸ்டன் மேலே சென்று நின்று திரும்ப வேண்டும். அதை நிறுத்தி இழுப்பது ராடு. பிஸ்டன், பின், ராடின் மேல்பகுதி எல்லாம் சேர்த்து 800 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கிராங்கின் ஆரம் 39 மி.மீ. நிமிடத்துக்கு 6000 சுற்றில் உச்சிப்புள்ளியில் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 1900 மடங்குக்கு மேல் வருகிறது; ராடை இழுக்கும் விசை 1.6 டன். இந்த விசை சுற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பது சீரிசை இயக்கப் பாடத்தில் நாம் படித்ததே. ஆகவே 5000 சுற்றில் 1.1 டன், 7000 சுற்றில் 2.1 டன். ராடின் கீழ்ப்பகுதியைப் பிணைத்திருக்கும் இரண்டு போல்ட்டுகளே இந்த இழுவையைத் தாங்குகின்றன. எக்ஸாஸ்ட் வெளியேறி முடியும் தறுவாயில் மேலிருந்து அழுத்த வாயு இல்லாதபோது இழுவை முழுவதும் அவற்றின் தலையில்தான் விழுகிறது.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். பூஸ்ட் கூட்டுவது நசுக்கும் விசையை மட்டும் கூட்டுகிறது. இழுக்கும் விசையைக் கூட்டுவதில்லை. இழுக்கும் விசை கூடுவது சுற்று வேகத்தைக் கூட்டும்போதுதான். எனவே, டர்போ பொருத்திவிட்டு வேக எல்லையைப் பழையபடியே விட்டுவைத்தால் ராடு போல்ட்டுகளுக்குப் புதிய துன்பம் ஏதுமில்லை. இன்னும் ஒரு படி மேலே போகலாம். எரிதல் நடக்கும் உச்சிப்புள்ளியில் இழுவை விசை வாயுவின் நசுக்கலை ஓரளவு ஈடுசெய்கிறது. 6000 சுற்றில் 5.2 டன்னில் 1.6 கழிந்து 3.6 டன்னே ராடு மேல் இறங்குகிறது. 3000 சுற்றிலோ இழுவை வெறும் 0.4 டன், ஆகவே 4.8 டன் இறங்குகிறது. குறைந்த வேகத்தில் திடீரென நிறையப் பூஸ்ட் கொடுக்கும் சிறிய டர்போதான் ராடை வளைக்கும் அபாயம் மிக்கது என்பது இதனால் தெளிவாகிறது. வேகமாய்ச் சுற்றினால்தான் எஞ்சின் கெடும் என்ற பொது நம்பிக்கைக்கு இது நேர் எதிரானது.

ராடு வளைந்தால் எப்படி இருக்கும் என்பதைப் பார்க்க டர்போ வேண்டியதில்லை. மழை வெள்ளத்தில் கார் ஓட்டிச் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த எஞ்சினைப் பட்டறையில் பிரிக்கும்போது பாருங்கள். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் மேலே வர இடமில்லை, ராடு நடுவில் ஒடிசலாக வளைந்திருக்கும். போல்ட்டுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

உலோகச் சோர்வையும் ஒரு வரியில் சொல்லியாக வேண்டும். 3000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 1500 முறை, மணிக்கு 90,000 முறை வெடிக்கிறது. எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே எத்தனை கோடி முறை தாக்கினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அத்தகைய வரம்பு கிடையாது. 'நேற்று முழுவதும் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை' என்பது பிஸ்டனைப் பொறுத்தவரை ஒரு சான்றே அல்ல.

உண்மையான எதிரி

இதுவரை சொன்ன 60, 80 பார் எல்லாம் ஒழுங்காக எரியும் எஞ்சினுக்கு உரியவை. ஒழுங்காக எரிதல் என்றால் தீப்பொறியில் தொடங்கிய சுடர் சீராகப் பரவுதல். சுடர் வந்து சேருமுன் மூலையில் இருக்கும் கலவை, அழுத்தமும் வெப்பமும் தாளாமல் தானே ஒரே நொடியில் பற்றிக்கொண்டால் அதுவே நாக்கிங். ஆங்கிலேயரான ஹாரி ரிக்கார்டோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை ஆராய்ந்து, பெட்ரோல் எஞ்சினின் ஆற்றலுக்கு எல்லை கட்டுவது இதுதான் என்று காட்டினார். தகரக் குவளையில் கூழாங்கல் குலுக்குவது போன்ற அந்த ஒலி சிலிண்டருக்குள் அதிர்வலை மோதுவதால் எழுவது. 90 மி.மீ. சிலிண்டரில் அதன் அதிர்வெண் ஏறத்தாழ 6000 ஹெர்ட்ஸ். நம் ஒலியியல் ஆய்வகத்தின் ஒத்ததிர்வுக் குழாய்தான், ஆனால் உள்ளே நெருப்பு.

பிஸ்டனின் மேற்பரப்பை ஒட்டி எப்போதும் அசையாத மெல்லிய வாயுப்படலம் ஒன்று போர்வைபோல் நின்று வெப்பத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். நாக்கிங்கின் அதிர்வலை அந்தப் போர்வையைக் கிழித்துவிடுகிறது. அலுமினியப் பிஸ்டன் 300 டிகிரியை நெருங்கும்போது தன் வலிமையில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடுகிறது. பிறகு ரிங்குகளுக்கு இடையிலுள்ள மேடு உடைகிறது, அல்லது தலையில் துளை விழுகிறது. இதை அடித்துச் செய்த விலையுயர்ந்த பிஸ்டன் தாங்குமா? சாதாரண வார்ப்புப் பிஸ்டனைவிடக் கூடுதல் நேரம் தாங்கும். நிரந்தரமாகத் தாங்காது. நாக்கிங்குக்கு மருந்து உலோகத்தில் இல்லை; ஆக்டேன் கூடிய பெட்ரோல், குளிர்ந்த காற்று, தாமதித்த தீப்பொறி, சற்றே பெட்ரோல் மிகுந்த கலவை, குறைந்த அமுக்க விகிதம் ஆகியவற்றில் இருக்கிறது. சாப் நிறுவனம் 1982-இல் எஞ்சின் உடலில் ஓர் ஒலியுணரியைப் பொருத்தி, நாக்கிங் கேட்டவுடன் பூஸ்டைத் தானே குறைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அந்தக் காது கிடைத்தபின் அமுக்க விகிதத்தை மீண்டும் 8.5-க்கு உயர்த்தத் துணிந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

குளிர்ந்த காற்று என்றேன். அதன் மதிப்பையும் கணக்கிடலாம். 30 டிகிரிக் காற்றை 0.7 பார் அமுக்கினால், விசிறியின் திறன் 65 விழுக்காடு என்று கொண்டால், அது 106 டிகிரியாக வெளிவரும். அந்நிலையில் அடர்த்தி 1.36 மடங்கே. இன்டர்கூலர் வழியாக அதை 50 டிகிரிக்குக் குளிர்வித்தால் அடர்த்தி 1.6 மடங்கு. நாக்கிங் அபாயம் குறைகிறது, காற்றும் கூடுகிறது. ஒரே செலவில் இரண்டு இலாபம் தரும் பொருள் இத்துறையில் வேறில்லை.

ரிங்குகளின் வாய் இடைவெளியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பூஸ்ட் கூடினால் ரிங் சூடேறி நீளும். இடைவெளி போதாவிட்டால் முனைகள் முட்டிக்கொண்டு பிஸ்டன் மேட்டைப் பிளந்துவிடும். பிஸ்டன் பலவீனமானது என்று பழி சொல்வார்கள். மற்ற உறுப்புகளை விரைவாகச் சொல்லி முடிக்கிறேன். ஹெட்டைத் தூக்கும் விசை வாயு அழுத்தத்தோடு நேரடியாக ஏறுவதால் கேஸ்கட்டும் ஹெட் போல்ட்டுகளும் கவனிக்கத்தக்கவை. கிராங்க் பொதுவாக நம் முதல் கவலையாக இருக்க வேண்டியதில்லை. அது வார்ப்பா, அடித்துச் செய்ததா என்று அறிய அதன் பக்கவாட்டைப் பாருங்கள். மெல்லிய கோடு இருந்தால் வார்ப்பு, விரல் அகலத்துக்குத் தேய்த்த பட்டை இருந்தால் அடித்துச் செய்தது. கிளட்சும் கியர்பாக்ஸும் முறுக்குவிசைக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டியவை.

எஞ்சின் என்பது ஒரே பொருள் அல்ல என்பதற்கு 1983-ஆம் ஆண்டைப் பாருங்கள். அவ்வாண்டு நெல்சன் பிக்கே பார்முலா ஒன் பட்டம் வென்றார். டர்போ எஞ்சினோடு வென்ற முதல் சாம்பியன் அவரே. அவருடைய பிராபம் காரில் இருந்த 1.5 லிட்டர் பி.எம்.டபிள்யூ. எஞ்சினின் வார்ப்பிரும்பு உடல், 1960-களின் தொடக்கம் முதல் அந்நிறுவனத்தின் சாதாரணக் கார்களில் ஓடிய எம்-10 எஞ்சினின் வழிவந்தது. பன்மடங்கு ஆற்றலை அந்த உடல் தாங்கிற்று. உள்ளே இருந்த கிராங்க், ராடு, பிஸ்டன், மேலே இருந்த ஹெட் அனைத்தும் பந்தயத்துக்கெனத் தனியே செய்தவை. எனவே 'இந்த எஞ்சினை வலுப்படுத்த வேண்டுமா?' என்று பொதுவாகக் கேட்பது பிழையான கேள்வி. எந்த உறுப்பை, எந்த விசைக்கு எதிராக என்று கேட்க வேண்டும்.

மாமாவின் பட்டறையில்

விடுமுறை நாட்களில் என் தாய்மாமாவின் மோட்டார் பட்டறையில் நான் கையுதவியாக இருப்பதுண்டு. சென்ற ஆண்டு அங்கே ஓர் அண்ணன் பழைய 1.3 லிட்டர் பெட்ரோல் காரோடு வந்தார். கோவைப் பந்தயத் திடலில் ஓட்டுவதற்கென்றே வைத்திருக்கும் கார். (சாலையில் ஓடும் காருக்கு இதெல்லாம் ஆகாது. பதிவுச் சான்றிலுள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.) டர்போ ஒன்றை ஏற்கெனவே வாங்கிவிட்டார். மிச்சமிருந்தது மூன்று ஆண்டுச் சம்பளத்தில் சேர்த்த பணம். அடித்துச் செய்த ராடும் பிஸ்டனும் வாங்கினால் அத்தனையும் அதற்கே போய்விடும். வாங்காமல் விட்டு எஞ்சின் உடைந்தால் காரும் போய்விடும். தெரிந்தவர்களில் பாதிப்பேர் 'எல்லாத்தையும் மாத்து' என்றார்களாம். பாதிப்பேர் 'கொஞ்சம் பூஸ்டுதானே, அப்படியே மாட்டு' என்றார்களாம்.

"மாப்ளே, நீதான் பிஸிக்ஸ் படிக்கிறியே, கணக்குப் போட்டுச் சொல்லு பார்ப்போம்" என்றார் மாமா.

"அண்ணே, உங்களுக்கு எத்தனை சுற்றுல இழுவை வேணும்? வேக எல்லையையும் கூட்டப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"வேகம் பழையபடியே இருக்கட்டும் தம்பி. திருப்பத்திலேர்ந்து வெளியே வரும்போது இழுத்தாப் போதும்" என்றார்.

இந்தப் பதிலிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. ராடு போல்ட்டுகளைத் தொட வேண்டியதில்லை. அமுக்க விகிதம் 9. பூஸ்ட் 0.8 பார் என்றால் தோராயக் கணக்கு 12-ஐத் தாண்டுகிறது. அதற்குப் பிஸ்டனை மாற்றாமல் வழியில்லை. 0.4 பார் என்றால் 10.6, இன்டர்கூலரும் நல்ல பெட்ரோலும் தீப்பொறியைத் தாமதிக்கும் வசதியும் இருந்தால் சமாளிக்கலாம். 45 டிகிரிக்குக் குளிர்வித்தால் அடர்த்தி 1.33 மடங்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இழுவை. அண்ணன் அதற்கே ஒப்புக்கொண்டார்.

மாமா கணக்கைக் கேட்டுக்கொண்டே அழுத்தமானியை எடுத்து வந்தார். "இதெல்லாம் சரி மாப்ளே, எஞ்சின் நல்லா இருக்கா இல்லையான்னு பார்க்காம எதுக்குக் கணக்கு?" என்றார். மூன்று சிலிண்டர்களில் 12.5 காட்டிற்று, நான்காவதில் 9.5. சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தும் ஏறவில்லை. ஆகவே குற்றம் ரிங்கில் இல்லை, வால்வில். ஹெட்டைக் கழற்றி வால்வைப் படியவைத்தோம். கழற்றியதே சாக்கு என்று பல அடுக்கு எஃகுக் கேஸ்கட்டும் புதிய ஹெட் போல்ட்டுகளும் போடப்பட்டன. கீழ்ப்பகுதி திறக்கப்படவில்லை. பணம் இன்டர்கூலருக்கும், பெரிய இன்ஜெக்டர்களுக்கும், தீப்பொறியை நாமே அமைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும், கலவையைக் காட்டும் மானிக்கும் போயிற்று. டர்போ விரைவில் எழும்பி ராடை வளைத்துவிடாதிருக்க, 3500 சுற்றுக்குக் கீழே பூஸ்ட் முழுதாக ஏறாதபடி கட்டுப்படுத்தி வைத்தோம்.

இக்கட்டுரையை எழுதும்வரை அந்தக் கார் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, வெள்ளைப் பீங்கானை உருப்பெருக்கியில் பார்க்கும்படி மாமா சொல்லியிருக்கிறார். இளம் பழுப்பு நிறம் என்றால் நலம். பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போல் கரும்புள்ளிகள் இருந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது; தீப்பொறியை இன்னும் இரண்டு டிகிரி தாமதித்துப் பார்க்கலாம். வெள்ளியாய் மின்னும் சிறு மணிகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அதைக் கண்ட அன்று பூஸ்டைக் குறைப்பதில் பயனில்லை. ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டனின் தலையைப் பார்த்த பிறகுதான் மறுபடி சாவி போட வேண்டும்.